1891ஆம் ஆண்டின் வெஸ்ட் பொயின்ட் உதைபந்தாட்டப் பருவகாலத்தை வாசிக்கும் முறை

திருகோணமலைப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டமும் கடற்படையும் புதியவை அல்ல. ஆயினும், விளையாட்டு வரலாறு பற்றிச் செயற்றிட்டம் செய்யும் நமது உயர்தர மாணவர், பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்க உதைபந்தாட்டத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு அட்டவணை ஒன்றைக் கையிலெடுத்தால் இன்றைய விதிகளைக் கொண்டே அதை அளந்து தவறான முடிவுக்கு வந்துவிடுகின்றனர். வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியின் 1891ஆம் ஆண்டு அணியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, சரியாக வாசிக்கும் வழியை இங்கே விளக்குகிறேன்.

முதலில் முந்திய ஆண்டைப் பாருங்கள். டெனிஸ் மிச்சி என்ற பயிலுநர் அணியைத் திரட்டி, தாமே தலைவராக நின்று, 1890 நவம்பர் 29இல் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியை எதிர்கொண்டார். அந்த ஆண்டில் அவர்கள் ஆடியது அந்த ஒரே ஆட்டம்தான். அதிலும் 24–0 எனத் தோற்றனர். அந்தத் தோல்வியை அறியாமல் 1891இன் அருமை விளங்காது. மிச்சி 1898இல் கியூபாப் போரில் இளம் வயதிலேயே உயிரிழந்தார் என்பதையும் மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். வெஸ்ட் பொயின்ட் அரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அடுத்து, புள்ளி முறையைத் தாளின் தலைப்பில் எழுதி வையுங்கள். அக்காலத்தில் எதிரணியின் கோல் கோட்டைப் பந்தோடு கடக்கும் டச் டவுனுக்கு 4, அதன்பின் உதைத்துப் பெறும் கோலுக்கு 2, ஆட்டத்தின் நடுவே உதைத்துப் பெறும் ஃபீல்ட் கோலுக்கு 5, பந்தை வைத்திருக்கும் எதிரணியை அதன் சொந்தக் கோல் கோட்டுக்குப் பின்னால் மடக்கும் சேஃப்டிக்கு 2 புள்ளிகள் வழங்கப்பட்டன. இப்போது ரட்கர்ஸ் கல்லூரி அணியிடம் இராணுவக் கல்லூரி 27–6 எனத் தோற்ற ஆட்டத்தை எடுங்கள். ஏனைய வழிகள் அனைத்தும் இரட்டை எண்களையே தருவதால், 27 என்ற ஒற்றை எண்ணுக்குள் குறைந்தது ஒரு ஃபீல்ட் கோலாவது இருந்தே ஆக வேண்டும். செய்தி அறிக்கை கிடைக்காத இடத்திலும் எண்ணே பேசும் என்பதை மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை. அதேவேளை, ஓர் அணியின் புள்ளி 12 என்றால், அது மூன்று டச் டவுன்களாகவும் இருக்கலாம், கோலோடு கூடிய இரண்டாகவும் இருக்கலாம். அத்தகைய இடத்தில் ஊகத்தை உண்மையாக எழுதக் கூடாது.

விதிகளை உடலால் உணர வேண்டுமெனில் உப்புவெளிக் கடற்கரையின் ஈர மணலில் 5 யார், அதாவது ஏறத்தாழ 4.6 மீற்றர், இடைவெளியில் கோடுகள் கீறுங்கள். மூன்று முயற்சிகளில் அந்த 5 யாரைக் கடக்க வேண்டும். பந்தை முன்னோக்கி எறிய அனுமதி இல்லை, அது 1906இல்தான் வந்தது. தள்ளுமுள்ளாகவே ஆட்டம் நகர்ந்ததன் காரணம் சில நிமிடங்களில் புரியும். மோதித் தள்ளாமல் மெதுவாக நடந்து காட்டினாலே போதும்.

எதிரணிகளின் பெயர்களில் அவதானம் தேவை. அட்டவணையில் ‘ஷூல்கில் நேவி’ என்றொரு பெயர் வரும். துறைமுக நகரத்தவரான நாம் அதைக் கடற்படை என்றே வாசித்துவிடுவோம். அது பிலடெல்பியாவின் படகோட்டும் கழகங்களின் ஒன்றியம். உண்மையான கடற்படைக் கல்லூரியை அவர்கள் சந்தித்தது பருவத்தின் இறுதியில், அனாபொலிஸில். அங்கே 32–16 என வென்றனர். முந்திய ஆண்டில் ஒரே ஆட்டம் ஆடித் தோற்றவர்கள், யேல் பல்கலைக்கழக அணியின் பழைய வீரரான ஹரி வில்லியம்ஸின் பயிற்சியில் ஆறு ஆட்டங்களுள் நான்கை வென்று, ஒன்றைச் சமன் செய்து, ஒன்றில் மட்டும் தோற்றார்கள். என் பார்வையில் அந்தப் பருவகாலத்தின் மையம் இதுவே. செயற்றிட்டமும் இதைச் சுற்றியே அமைய வேண்டும்.

பிற்பட்ட ஆண்டுகளோடு ஒப்பிட விரும்புவோர், 1893க்குப் பின் இரு கல்லூரிகளும் 1899 வரை மோதவில்லை என்பதையும், 1898 முதல் டச் டவுனுக்கு 5 புள்ளியும் அதன்பின் உதைக்கு 1 புள்ளியும் ஆயின என்பதையும் முதலில் பதிந்துகொண்டு, 1899இன் 17–5 என்ற முடிவைப் புதிய கணக்கிலேயே பிரித்துப் பார்க்க வேண்டும்.