கோவாலாவுக்குள் இருக்கும் வைரஸின் வயதைக் கணிப்பது எப்படி?

கோவாலாவின் மரபணுத்தொகையைக் கணினியில் திறந்ததும் வைரஸின் மரபணுக்களைத் தேடி ஓடாதீர்கள். என்னிடம் பயில வருபவர்களை நான் முதலில் வைரஸ் தொடரின் இரு முனைகளைப் பார்க்கச் சொல்வேன். ரெட்ரோவைரஸ் (தன் மரபுத் தொடரை விலங்கின் டி.என்.ஏ.வில் செருகிவிடும் வைரஸ் வகை) டி.என்.ஏ.வுக்குள் நுழைந்து அமரும்போது, அதன் இருபுறமும் உள்ள எல்.டி.ஆர். எனும் நீண்ட முனைத் தொடர்கள் எழுத்துப் பிசகாமல் ஒன்றுபோல் இருக்கும். அதன்பின் ஒவ்வொன்றும் தன்போக்கில் மாறத் தொடங்கும்.

இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாடுகளை எண்ணுங்கள். 500 எழுத்தில் 10 வேறுபாடு என்றால் 2 சதவீதம். ஓர் இடத்தில் ஆண்டுக்கு 100 கோடியில் 2 என்ற வேகத்தில் மாற்றம் நிகழ்வதாகக் கொண்டால், வைரஸின் வயது சுமார் 50 லட்சம் ஆண்டுகள். இரு முனைகளும் மாறுவதால் வேகத்தை இரட்டிப்பாக்கி வகுக்க வேண்டும். மறந்தால் ஒரு கோடி என்று வந்து நிற்கும்.

வேறுபாடே இல்லையா? வைரஸ் இளையது. ஆனால் இளையதெல்லாம் உயிர்ப்புள்ளது ஆகாது. காக், போல், என்வ் ஆகிய மூன்று மரபணுக்களும் நடுவில் வாசிப்பை நிறுத்தும் முற்றுக்குறி இல்லாமல் முழுதாக வாசிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள்.

கோவாலாவில் ஒரு பொல்லாத பொறி உண்டு. அதன் ரெட்ரோவைரஸான கோர்வ், ஃபெர் எனும் பழைய ரெட்ரோவைரஸ் எச்சத்துடன் கலந்து, நடுப்பகுதி பழையதாகவும் முனைகள் புதியதாகவும் உள்ள கலப்புத் தொடர்களை உருவாக்கியிருக்கிறது. முனைகளை மட்டும் வைத்து வயது சொன்னால் உள்ளே இருக்கும் கிழவரைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

அடுத்து, அதே தொடர் பிற கோவாலாக்களிலும் அதே இடத்தில் உள்ளதா என்று தேடுங்கள். பழைய நுழைவு எல்லா விலங்கிலும் ஒரே இடத்தில் நிலைபெற்றிருக்கும். கோர்வின் ஒரு வகையான கோர்வ்-ஏ அப்படியல்ல, குயின்ஸ்லாந்துக் கோவாலாக்கள் அதை மரபாகவே பெறுகின்றன, ஆனால் அமர்ந்த இடங்கள் விலங்குக்கு விலங்கு பெரிதும் வேறுபடுகின்றன. இந்தப் படையெடுப்பு இன்னும் முடியவில்லை என்று 2006இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

தொற்றா, மரபா என்று பிரிக்க, தாயின் இரத்தத்தோடு குட்டியின் இரத்தத்தையும் சோதியுங்கள். மரபு நுழைவு குட்டியின் எல்லாச் செல்களிலும் ஒரே இடத்தில் இருக்கும். தொற்றில் இடங்கள் செல்லுக்குச் செல் சிதறும். தயமினை (வைட்டமின் பி1) செல்லுக்குள் கொண்டுசெல்லும் புரதமான தயமின் கடத்தியின் வழியே செல்லுக்குள் புகும் இன்னொரு வகையான கோர்வ்-பி, தாயிடமிருந்து குட்டிக்குத் தொற்றாகவே பரவக்கூடியது. இரத்தப் புற்றுநோயுடன் தொடர்புபடுத்தப்படுவதால், அதைத் தனியாகவே சோதிக்க வேண்டும்.