காலையில் 2.1, மதியம் 2.6: சிறுநீரில் ஃபுளோரைடு அளக்கும் செய்முறை

ஒரே பாட்டில், ஒரே சிறுநீர். காலை பத்து மணிக்கு லிட்டருக்கு 2.1 மில்லிகிராம் ஃபுளோரைடு காட்டியது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் 2.6. தருமபுரியில் ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எனக்கு இந்த அரை மில்லிகிராம் இரண்டு மாதம் தூக்கத்தைக் கெடுத்தது. மீட்டரோடு இணைத்து, ஃபுளோரைடை உணர்ந்து மின்னழுத்தமாகக் காட்டும் எலக்ட்ரோடின் ஆயுள் முடிந்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, பெங்களூருக்கு பஸ் ஏறிப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். புதியதிலும் அதே கூத்துதான்.

நம் மாவட்டத்தவருக்கும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் இந்தப் பரிசோதனை எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் பல்லில் பழுப்புக் கறை பிடித்த ஒருவராவது நம் ஒவ்வொருவரின் உறவிலும் இருப்பார். குடிநீரில் லிட்டருக்கு 1.0 மி.கி. வரை ஏற்கலாம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் (ஃபுளோரைடு குறைந்த காவிரி நீர்) வந்த பிறகு எங்கள் வேலை கொஞ்சம் நுட்பமாகிவிட்டது. ஒரே தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் குடிப்பவரும் இருக்கிறார், பழைய ஆழ்துளைக் கிணற்றை விடாதவரும் இருக்கிறார். 5க்கும் 1க்கும் வேறுபாடு சொல்ல யாராலும் முடியும். 0.6க்கும் 0.9க்கும் இடையே சொல்ல வேண்டுமானால் கருவி அசையாமல் நிற்க வேண்டும்.

மீட்டரை இயக்குவது, பிப்பெட் பிடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பாத்திரமும் ஸ்டாண்டர்டும்

கண்ணாடியை ஒதுக்குங்கள். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். பீக்கர், பாட்டில் எல்லாம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உலர்த்திய சோடியம் ஃபுளோரைடு 221 மில்லிகிராமை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், லிட்டருக்கு 100 மி.கி. ஃபுளோரைடு உள்ள மூலக் கரைசல் கிடைக்கும். அதிலிருந்து 10, 1, 0.5, 0.2, 0.1 மி.கி. என்று நீர்த்துக்கொள்ளுங்கள். அளவு தெரிந்த இந்த ஒப்பீட்டுக் கரைசல்கள்தான் ஸ்டாண்டர்டுகள். சோடியம் ஃபுளோரைடு நஞ்சு. கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

டிசாப் கரைசல்

டிசாப் (TISAB) என்பது அளப்பதற்கு முன் மாதிரியிலும் ஸ்டாண்டர்டிலும் கலக்கும் கரைசல். அதற்கு மூன்று வேலை. எல்லா மாதிரிகளிலும் அயனி வலிமையைச் சமமாக்கும். பி.எச். அளவை 5.3க்கும் 5.5க்கும் இடையே நிறுத்தும். அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்திருக்கும் ஃபுளோரைடை விடுவிக்கும். பி.எச். மிகவும் குறைந்தால் ஃபுளோரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்து எலக்ட்ரோடின் கண்ணில் படாமல் போய்விடும். கூடினால் ஹைட்ராக்சைடு அயனியையும் ஃபுளோரைடு என்றே எலக்ட்ரோடு எண்ணிவிடும்.

அரை லிட்டர் நீரில் 57 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலம், 58 கிராம் சோடியம் குளோரைடு, 4 கிராம் சி.டி.டி.ஏ. (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் சேர்மம்) சேருங்கள். பீக்கரைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் வைத்து, 6 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சிறிது சிறிதாக விட்டு பி.எச். சரிசெய்யுங்கள். கிட்டத்தட்ட 125 மி.லி. பிடிக்கும். நன்றாகச் சூடாகும்; அவசரப்பட்டால் தெறிக்கும். சி.டி.டி.ஏ. முதலில் கரையாமல் அடியில் வெள்ளையாகக் கிடக்கும். பயப்பட வேண்டாம், காரம் சேரச் சேரக் கரைந்துவிடும். ஆறியபின் ஒரு லிட்டராக்குங்கள். கடையில் ஆயத்தமாக விற்பதும் நல்லதுதான். ஆனால் மாதம் நூறு மாதிரி பார்க்கும் இடத்தில் அதை வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து.

மாதிரி 10 மி.லி.க்கு டிசாப் 10 மி.லி. ஸ்டாண்டர்டுக்கும் அதே விகிதம்தான். மாதிரிக்கு மட்டும் சேர்த்துவிட்டு ஸ்டாண்டர்டை அப்படியே அளந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கவிழ்த்த இடம்

வெப்பநிலை. என் ஸ்டாண்டர்டுகள் மேசை மேல் இருந்தன. ஏப்ரல் மாதம், அறையில் 33 டிகிரி. சிறுநீர் பாட்டிலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, ஐந்து நிமிடம்கூட விடாமல் காலையில் அளந்தேன். மதியம் அதே பாட்டில் மேசையிலேயே கிடந்து அறைச் சூட்டுக்கு வந்திருந்தது. போதாததற்குக் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஸ்டிரரின் (கரைசலைக் கலக்கும் கருவி) தட்டு அடுப்புக்கல்லைப் போல வெதுவெதுப்பாகி, பீக்கரை அடியிலிருந்து சூடாக்கிக்கொண்டிருந்தது.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? 25 டிகிரியில் ஃபுளோரைடு பத்து மடங்கு கூடினால் மின்னழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் இறங்கும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு மில்லிவோல்ட் பிசகினால் முடிவில் 4 சதவீதம் போய்விடும். மாதிரிக்கும் ஸ்டாண்டர்டுக்கும் ஒரு டிகிரி வேறுபட்டாலே சுமார் 2 சதவீதப் பிழை வரும். பன்னிரண்டு டிகிரி வேறுபட்டால் என்ன ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள்; என்னுடைய 2.1க்கும் 2.6க்கும் கணக்குச் சரியாகப் பொருந்தும்.

இப்போது செய்வது இதுதான். மாதிரி, ஸ்டாண்டர்டு, டிசாப் மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் தட்டில் அடுக்கி ஒரு மணி நேரம் ஒன்றாக வைக்கிறேன். தெர்மாமீட்டரால் இரண்டு மூன்று பீக்கர்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். ஸ்டிரர் தட்டுக்கும் பீக்கருக்கும் நடுவே ஒரு தெர்மாகோல் துண்டு. மின்விசிறியின் காற்று நேரே பட வேண்டாம். இப்படிச் செய்த பிறகு அதே சிறுநீரை மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் 2.5. எலக்ட்ரோடுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. தெர்மாகோல் துண்டு டிவி வந்த பெட்டியிலிருந்து எடுத்தது.

அளப்பது

குறைந்த ஸ்டாண்டர்டிலிருந்து கூடியதற்குப் போங்கள். மாறிப் போனால் முந்தையதன் மிச்சம் அடுத்ததில் ஏறும். 1க்கும் 10க்கும் இடையே வேறுபாடு 54 முதல் 60 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எலக்ட்ரோடைக் கொஞ்சம் சாய்த்து இறக்குங்கள், நுனியில் காற்றுக்குமிழி சிக்காது. எலக்ட்ரோடில் கரைசல் நிரப்பும் துளையின் மூடி திறந்திருக்கட்டும். எண் நிற்காமல் அலைந்தால் முதலில் அதைத்தான் பாருங்கள்.

மூன்று நிமிடம் காத்திருங்கள். 0.5க்குக் கீழே என்றால் ஐந்து நிமிடம். எண் நின்றுவிட்டது போலத் தோன்றும், நம்பாதீர்கள்.

இன்னொன்று: 1, 10 என்ற இரண்டு புள்ளிகளை வைத்துக் கோடு இழுத்து, 0.3ஐ அந்தக் கோட்டின் நீட்சியில் படிக்காதீர்கள். கீழே போகப் போகக் கோடு வளையும். 0.1, 0.2, 0.5 ஸ்டாண்டர்டுகளை அதற்காகத்தான் வைத்திருக்கிறோம். மீட்டர் தானாகவே மில்லிகிராமில் காட்டும் வசதி எனக்குப் பிடிக்காது. மில்லிவோல்ட்டை நோட்டில் எழுதி, செமிலாக் தாளில் (ஒரு அச்சு மட்டும் மடக்கை அளவில் உள்ள வரைபடத் தாள்) கையால் வரைகிறேன். வளைவு கண்ணுக்குத் தெரிகிறது. மீட்டர் அதை மறைத்துவிடும்.

பத்து மாதிரிக்கு ஒரு முறை 1 மி.கி. ஸ்டாண்டர்டைத் திரும்ப அளக்கிறேன். 2 மில்லிவோல்ட்டுக்கு மேல் நகர்ந்திருந்தால் ஸ்டாண்டர்டுகளை மறுபடி அளந்து காலிபிரேஷன். இதோடு, பலரது சிறுநீரைக் கலந்து, சிறு பிளாஸ்டிக் பாட்டில்களில் பிரித்து உறையவைத்து, தினம் ஒன்றை எடுத்து அளக்கிறேன். முதல் இருபது நாள் அளவுகளின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் வைத்து வரைபடம் போட்டிருக்கிறேன். சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்கு வெளியே புள்ளி விழுந்தால், அன்றைய முடிவு எதையும் உடனே கையெழுத்திட்டு அனுப்புவதில்லை.

1க்கும் 10க்கும் இடையிலான அந்த மில்லிவோல்ட் வேறுபாடு, அதாவது சரிவு, 54க்குக் கீழே இறங்கிவிட்டால் எலக்ட்ரோடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் நுனியில் உள்ள லாந்தனம் ஃபுளோரைடுப் படிகத்தின் மேல் அழுக்குப் படலம் பிடித்திருக்கும். ஃபுளோரைடு கலந்த சாதாரணப் பற்பசையை விரல் நுனியில் தொட்டு, படிகத்தை மெதுவாகத் தேய்த்து, நிறைய நீரில் கழுவுங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் இது பரவலாகச் செய்யப்படும் வழிதான். என் பழைய எலக்ட்ரோடு இப்படித்தான் பிழைத்து இன்றும் ஓடுகிறது.

பிறகு சேர்த்தவை

பாலக்கோட்டிலிருந்து ஒரு நண்பர் எழுதினார்: எல்லா முடிவும் குறைவாக வருகிறது. விசாரித்தால், வேறொரு பரிசோதனைக்காக அமிலம் போட்டுச் சேகரித்த 24 மணி நேரச் சிறுநீரையே இதற்கும் பயன்படுத்தியிருக்கிறார். அவ்வளவு அமிலத்தை டிசாப் தாங்காது. தனி பாட்டிலில் வாங்குங்கள். நான் பாட்டிலில் 0.2 கிராம் இ.டி.டி.ஏ. போட்டுவைக்கிறேன், கால்சியத்தை அது பிடித்துக்கொள்ளும். குளிர்பெட்டியில் வண்டல் இறங்கியிருந்தால் அறைச் சூட்டுக்கு வந்தபின் நன்றாகக் குலுக்குங்கள். மேல்தெளிவை மட்டும் எடுக்க வேண்டாம்.

காரிமங்கலம் பக்கமிருந்து இன்னொருவர்: ஒரே வீட்டில் நாலு பேருக்கும் மீட்டர் எல்லை தாண்டி எண் வருகிறதாம். ஊரே பாதிக்கப்பட்டிருக்கிறதோ என்று பதறிப்போய் தொலைபேசியில் அழைத்தார். பாட்டில் தீர்ந்துபோனதால், சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் சாம்பல் நிற மூடிக் குழாயில் சிறுநீரைப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் குழாய்க்குள் ரத்தச் சர்க்கரை குறையாமல் இருக்கச் சேர்த்திருப்பதே சோடியம் ஃபுளோரைடுதான்.