குழந்தைக்குக் காதுவலி: அழுகை நின்றதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்

இரவெல்லாம் வீறிட்டு அழுத குழந்தை விடியற்காலையில் தானாக அடங்கித் தூங்கிவிடுகிறது. காய்ச்சலும் இறங்கியிருக்கிறது. தலையணையில் மட்டும் மஞ்சளாக ஒரு திட்டு. 'உடைஞ்சு வடிஞ்சுடுச்சு, இனி சரியாயிடும்' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். காதுத் தொற்றில் நடக்கிற தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். செவிப்பறைக்குப் பின்னால் தேங்கிய சீழ், பறையில் சிறு துளை போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. அழுத்தம் குறைந்ததால் வலி போயிருக்கிறது. தொற்று போய்விட்டதாக அர்த்தமில்லை. இப்படி விழும் துளைகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் சீழ் வடிந்தால் அதை நாள்பட்ட தொற்றாகவே பார்க்க வேண்டும். காது மந்தமாவது பல குழந்தைகளுக்கு அங்கேதான் தொடங்குகிறது. காதிலிருந்து சீழோ ரத்தமோ வந்தால், குழந்தை சிரித்து விளையாடினாலும் அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. குழந்தை காதை இழுத்தாலே ஆன்டிபயாடிக் கேட்பது. தூக்கம் வந்தாலும் பல் முளைத்தாலும் குழந்தைகள் காதை இழுக்கும். சளி பிடித்து இரண்டு மூன்று நாள் கழித்துக் காய்ச்சல் வருவது, படுக்கவைத்தால் அழுகை கூடுவது, பசியோடு பாலை இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு வலியில் விலக்கிக்கொள்வது, இவை சேர்ந்து வந்தால்தான் காதைச் சந்தேகிக்க வேண்டும்.

எவ்வளவு அவசரம் என்பதை அழுகைச் சத்தத்தைவிட வயது நன்றாகச் சொல்லும். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால், காரணம் காதோ வேறெதுவோ, நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். ஆறு மாதத்துக்குள் காதுத் தொற்று என்ற சந்தேகமே போதும், அன்றே காட்டுங்கள். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை, இரண்டு காதிலும் தொற்று இருந்தால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தருவார்கள். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தை, லேசான வலி, காய்ச்சல் 39 டிகிரிக்குக் கீழே என்றால், வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லக்கூடும். அது அலட்சியம் இல்லை, பல தொற்றுகள் தாமாகவே அடங்கிவிடும். 'ஒரு மருந்துகூட எழுதித் தரல' என்று கோபித்துக்கொண்டு வேறு கிளினிக் தேடி ஓட வேண்டாம். அந்த நாட்களுக்குள் வலி குறையாவிட்டாலோ காய்ச்சல் ஏறினாலோ அதே டாக்டரிடம் திரும்பிப் போங்கள்.

அடுத்தது எண்ணெய். காய்ச்சிய நல்லெண்ணெய், பூண்டு தட்டிப் போட்ட தேங்காய் எண்ணெய், சில வீடுகளில் தாய்ப்பால். தொற்று இருப்பது பறைக்கு உள்பக்கம். பறை முழுதாக இருந்தால் எண்ணெய் அங்கே போகவே போகாது. துளை விழுந்திருந்தால் போகும், அது இன்னும் மோசம். போதாததற்கு, டாக்டர் விளக்கடித்துப் பார்க்கும்போது பறையை மறைத்துக்கொண்டு அந்த எண்ணெய்தான் பளபளக்கும். பட்ஸும் வேண்டாம், ஹேர்பின்னும் வேண்டாம். தலைக்கு ஊற்றியதால்தான் வந்தது என்று பாட்டியைக் குறை சொல்வதும் சரியில்லை. கிருமி குளியல் தண்ணீரில் வருவதில்லை, மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகிற குழாய் வழியாக ஏறுகிறது. சின்னக் குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் கிட்டத்தட்ட கிடைமட்டமாகவும் இருப்பதால்தான் சளி பிடித்தாலே காது மாட்டிக்கொள்கிறது. பாட்டியிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம்: குளிப்பாட்டி முடித்ததும் காதிலும் மூக்கிலும் வாயால் ஊதுவதையும், முகத்தருகே சாம்பிராணி காட்டுவதையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

மருந்து விஷயத்தில் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125, இன்னொரு வகையில் 250. பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் போதும். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை ஐந்து மில்லி கொடுத்தால் 500 உள்ளே போய்விடும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. போன முறை மிச்சமான ஆன்டிபயாடிக் சிரப்பை மறுபடி எடுக்காதீர்கள். தண்ணீர் கலந்த பிறகு பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் அது தாங்காது. மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கும் காது சொட்டு மருந்தும் வேண்டாம். பறையில் ஓட்டை இருந்தால், சில சொட்டு மருந்துகள் உள்காதையே பாதிக்கும்.

சரி, எப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது? காதுக்குப் பின்னால் எலும்பு மேல் சிவந்து வீங்கி, காது மடல் முன்னால் தள்ளியதுபோல் தெரிந்தால். முகம் ஒரு பக்கம் கோணினால். கழுத்து விறைத்தால், ஓயாமல் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடந்தால். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான். வண்டி இல்லையென்றால் 108.

தொற்று ஆறிய பிறகும் பறைக்குப் பின்னால் நீர் சில வாரம் தங்கும். வலி இருக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. கூப்பிட்டால் திரும்பாத, டிவி சத்தத்தைக் கூட்டுகிற பிள்ளைக்குப் 'பிடிவாதம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். வாயசைவு தெரியாதபடி பின்னால் நின்று மெதுவாகப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். மூன்று மாதமாகியும் இப்படியே இருந்தாலோ, பேச்சு தாமதமானாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிக் கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள்.