இலைக்கறி சமைப்பவர்கள் விடும் பிழைகள்

மாரி மழை விழுந்து கொஞ்ச நாளில் வன்னியில் வேலிக்கு வேலி முசுட்டை படர்ந்துவிடும். குளக்கட்டோரம் வல்லாரை, வாய்க்கால் கரையில் பொன்னாங்காணி. எல்லாம் காசில்லாமல் கிடைக்கிற கறி. கலியாண வீடு, அந்தியேட்டி வீடு என்று நான் சமைக்கப் போகிற இடமெல்லாம் புதிதாகக் கரண்டி பிடிக்கிற பிள்ளைகளும் வருகிறார்கள். அந்த வயதில் நாங்கள் விட்ட பிழைகளையே வரிசை மாறாமல் விடுகிறார்கள். உப்புக் கூடியது, அடிப்பிடித்தது எல்லாம் இரண்டு சமையலோடு தானே திருந்திவிடும். அவற்றை விடுவோம்.

வெட்டிப்போட்டுக் கழுவுவது

இதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். புதுக்குடியிருப்புப் பக்கம் ஓர் அந்தியேட்டி வீடு. வல்லாரைச் சம்பலுக்கு ஒரு பிள்ளையை விட்டிருந்தோம். நூல் நூலாக, அவ்வளவு வடிவாக அரிந்தாள். அப்புறம் அத்தனையையும் அள்ளி வாளித் தண்ணீரில் போட்டுப் பிசைந்து பிழிந்தாள். தண்ணீர் பச்சைப்பசேலென்று நின்றது.

"ஏன் பிள்ளை, முதலே கழுவேல்லையோ?"

"வெட்டினாப்பிறகு கழுவினால்தானே அன்ரி மண் போகும்?"

வாளியை வாழையடியில் ஊற்றினோம். வாழைக்கு நல்ல சாப்பாடு. சம்பலில் மண்ணும் கடிபட்டது.

வல்லாரையில் மண் ஒட்டியிருப்பது தண்டும் வேரும் சேரும் முடிச்சில். இலை முழுதாக இருக்கும்போதே அந்த முடிச்சைக் கிள்ளி எறிந்தால் பாதி வேலை முடிந்தது. அரிந்த பிறகு அது இலையோடு இலையாகக் கலந்துவிடும், எத்தனை தரம் பிசைந்தாலும் போகாது. போவது சத்துத்தான். விற்றமின் சியும் போலிக் அமிலமும் தண்ணீரில் கரைகிறவை, வெட்டுப்பட்ட வழியே இறங்கிவிடும்.

2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது எங்கள் பக்கத்திலும் மாட்டெருவுக்குத் திரும்பியவர்கள் உண்டு. நல்லதுதான். ஆனால் சரியாக மக்காத எருவில் கிருமியும் புழு முட்டையும் இருக்கும். சம்பலோ பச்சையாகத் தின்பது. சேதனப் பசளையில் வளர்ந்த இலை என்றால் கழுவுவதில் இன்னும் கவனம் வேண்டும்.

அகலமான பேசினில் நிறையத் தண்ணீர் விட்டு முழு இலையாகவே அலசுங்கள். சற்று விட்டால் மண் அடியில் படியும். இலையைக் கையால் அள்ளி எடுங்கள். பேசினைச் சரித்து வடித்தால் படிந்த மண் திரும்ப இலையில்தான் வந்து விழும். தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசி, சுளகில் பரவி ஈரம் போகவிட்டு, அடுப்பு மூட்டும் நேரத்தில் அரியுங்கள். ஈர இலையைத் தாச்சியில் போட்டால் வறை வராது, களிதான் வரும்.

தானாக முளைத்ததில் நஞ்சில்லை என்று நம்புவது

வயல் வரம்பில் பொன்னாங்காணி தளதளவென்று நிற்கும். நட்டவர் யாருமில்லை, அதனால் இயற்கை என்று பிடுங்கி வருகிறார்கள். பக்கத்து வயலுக்குக் களைநாசினி எப்போது அடித்தார்கள் என்று கேட்டார்களா? நெல்லுக்கு அடித்தது வரம்புக்கும் வரும், வடிகிற வாய்க்காலுக்கும் வரும். இலைக்குள்ளேயே இறங்கிவிடுகிற மருந்துகளும் உண்டு, அவை கழுவிப் போகாது. வயல்காரரைத் தெரிந்தால் நான் பிடுங்குவேன். தெரியாவிட்டால் வீட்டு வேலி முசுட்டையே போதும்.

அடுப்பில் வைத்தே தேசிக்காய் விடுவது

புளியும் சூடும் சேர்ந்தால் இலையின் பச்சை போய்ச் சருகு நிறம் வந்துவிடும். இறக்கி, சூடு தணிந்த பிறகு விடுங்கள். விடாமலும் இருக்காதீர்கள், கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேரத் தேசிக்காய்ப் புளி உதவும். தேங்காய்ப்பூவையும் குறைக்க வேண்டாம். கீரையிலிருந்து விற்றமின் ஏ கிடைக்கக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி

அந்த இரும்பைத் தேயிலை தடுத்துவிடும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள்.

மரவள்ளி இலை அவிக்கும் சட்டிக்கு மூடி

போடவே வேண்டாம். அதிலுள்ள சயனைட் என்ற நஞ்சு ஆவியோடு போகட்டும். அவித்த தண்ணீரையும் கொட்டுங்கள்.

எல்லோருக்கும் ஒரே அளவு

இரத்தம் உறையாமலிருக்க வாபரின் குடிக்கிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. கீரையிலுள்ள விற்றமின் கே அந்த மருந்தின் வேலையைக் குழப்பும். கிளினிக்கில் கேட்டுவிட்டு மாற்றுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பசளிக் கீரையைக் குறையுங்கள்.