வடசென்னையிலிருந்து பாண்டிக்கு வேன், பஸ் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையிலிருந்து பாண்டிச்சேரி கடற்கரைச் சாலைக்கு ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாக ஏறக்குறைய 165 கிலோமீட்டர். "பக்கத்துலதானே, ஏறி உட்கார்ந்தா போயிடலாம்" என்று நினைத்துவிடுகிறோம். அதனால்தான் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் நாற்பது பேர் சேர்ந்து எடுக்கும் பஸ் டூர் பாதியில் கசந்துபோகிறது. ஊர் பக்கம்தான். ஆனால் அது தமிழ்நாட்டில் இல்லை, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் தலைநகர். சட்டம் வேறு, வரி வேறு, சனி ஞாயிறு கூட்டமும் வேறு. பிரச்சினைகளில் முக்கால்வாசியை வண்டி ஏறுவதற்கு முன்பே தீர்த்துவிடலாம்.

வாடகை பேசும்போது

பணம் அதிகமாக வீணாவது இங்கேதான். வாடகை வண்டிக்கு ஒரு நாள் என்றால் 24 மணி நேரம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான டிராவல்ஸில் நள்ளிரவு 12 முதல் மறு நள்ளிரவு 12 வரைதான் ஒரு நாள். ஒவ்வொரு நாளுக்கும் குறைந்தபட்ச கிலோமீட்டர் என்று ஒன்று வைத்திருப்பார்கள். பல இடங்களில் அது 250 அல்லது 300. அந்தத் தூரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கான பணம் கட்ட வேண்டும்.

250 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளி இரவு 10 மணிக்குக் கல்மண்டபத்தில் ஏறி, ஞாயிறு இரவு கிளம்பி, திங்கள் விடிகாலை 1 மணிக்கு வந்து இறங்குகிறீர்கள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று நான்கு நாள் கணக்காகிறது, ஆயிரம் கிலோமீட்டருக்கு வாடகை. உண்மையில் ஓடியது போக வர 330, ஊருக்குள் 50, ஷெட்டிலிருந்து வந்து திரும்பியது 30, மொத்தம் 410 கிலோமீட்டர்தான். அதே டூரைச் சனி விடிகாலை 4 மணிக்குத் தொடங்கி ஞாயிறு இரவு 10 மணிக்குள் முடித்தால் இரண்டே நாள், 500 கிலோமீட்டர். வாடகை பாதியாகிறது. டிரைவர் பேட்டாவும் (அவருக்கான படி) நாள் கணக்கில்தான் என்பதால் அதுவும் குறையும்.

கிலோமீட்டர் எங்கிருந்து எண்ணப்படும் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். பொதுவாக ஷெட்டிலிருந்து ஷெட் வரை எண்ணுவார்கள். தாம்பரத்தில் ஷெட் வைத்திருப்பவரிடம் வண்டி எடுத்தால் அவர் திருவொற்றியூர் வந்து ஏற்றி, இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும் தூரமும் நம் தலையில்தான். மாதவரம், மூலக்கடை, பெரம்பூர் பக்கத்து வண்டி வாடகையில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும் மொத்தக் கணக்கில் மலிவாக முடிவதுண்டு.

டோல், பார்க்கிங், பர்மிட், இரவு பேட்டா ஆகியவை வாடகைக்குள் அடக்கமா, தனியா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் பேசியதற்குச் சாட்சி கிடையாது. ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டர் ரீடிங்கை போனில் படம் எடுத்துவிட்டால் கடைசியில் வாக்குவாதமே வராது.

சீட் எண்ணிக்கையிலும் ஏமாறுகிறார்கள். 17+1 என்றால் பயணிகளுக்கு 17 இருக்கை, டிரைவருக்கு ஒன்று. "ரெண்டு பேர்தானே, ஸ்டூல் போட்டுக்கலாம்" என்பது வேண்டவே வேண்டாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது தலை எண்ணிக்கையைத்தான். மடியில் உட்காரும் கைக்குழந்தை தவிர மற்ற எல்லாருக்கும் ஒரு சீட் என்று கணக்கிடுங்கள்.

மஞ்சள் போர்டும் பர்மிட்டும்

தெரிந்தவர் வண்டி, வாடகை குறைவு என்று வெள்ளை போர்டு வேனில் போவது இந்த டூரின் ஆபத்தான சிக்கனம். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம். அடிபட்டால் இழப்பீடு கேட்கும் இடத்தில் நம் பக்கம் பலவீனமாகிவிடும். வாடகை வண்டிக்கான மஞ்சள் போர்டாக இருந்தாலும் தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓட பர்மிட் உள்ள வண்டி இருக்கிறது, அகில இந்திய சுற்றுலா பர்மிட் உள்ள வண்டியும் இருக்கிறது. முதல் வகை என்றால் புதுச்சேரிக்குள் நுழைய முன்கூட்டியே தற்காலிக பர்மிட் எடுக்க வேண்டும். எடுக்காமல் போய் எல்லையில் மாட்டினால் அபராதம் ஒரு பக்கம், வெயிலில் ஓரமாக நிற்கிற நேரம் இன்னொரு பக்கம். எந்த பர்மிட், எப்சி (வண்டியின் தகுதிச் சான்று) எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா ஆகிய மூன்றையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள். நல்ல டிராவல்ஸ்காரர் காகிதத்தைக் காட்டத் தயங்க மாட்டார்.

ஏற்றும் இடங்கள்

திருவொற்றியூர் டோல்கேட்டில் எட்டு பேர், காசிமேட்டில் பத்து பேர், மின்ட்டில் ஆறு பேர், பெரம்பூரில் மீதிப் பேர் என்று வைத்தால் பஸ் பாரிமுனையைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம் போய்விடும். கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் இன்னும் மோசம். ஏறும் இடம் இரண்டுக்கு மேல் வேண்டாம். மற்றவர்கள் ஆட்டோ பிடித்து அங்கே வரட்டும். காலை 4 மணிக்குக் கிளம்பினால் ராஜாஜி சாலை, காமராஜர் சாலை, அடையாறு, திருவான்மியூர் என்று ஊர் விழிப்பதற்குள் கடந்துவிடலாம். 7 மணிக்குக் கிளம்பினால் மெட்ரோ வேலை நடக்கும் இடங்களிலேயே வெயில் ஏறிவிடும்.

திருவான்மியூர் தாண்டியதும் எல்லாரும் தூங்கிவிடுவார்கள், டிரைவர் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருப்பார். மாமல்லபுரத்துக்குப் பிறகு பெண்கள் போகக்கூடிய சுத்தமான கழிவறை ஈசிஆரில் அடிக்கடி கிடைக்காது. மாமல்லபுரம் வட்டாரத்திலேயே டிபனோடு ஒரு நிறுத்தத்தை முடித்துவிடுங்கள்.

ஊரின் அமைப்பு தெரியாமல் திட்டம் போடுவது

சென்னையிலிருந்து வரும்போது ஆரோவில் பாண்டிக்கு முன்னாலேயே வந்துவிடும். பெரியமுதலியார்சாவடியில் வலப்பக்கம் திரும்பினால் குயிலாப்பாளையம் வழியாகப் பார்வையாளர் மையம். இதைத் தாண்டி ஊருக்குள் போய், அறை போட்டு, மத்தியானம் மறுபடி வடக்கே வருகிறவர்கள் ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் இரண்டு முறை நிற்கிறார்கள். போகும் வழியிலேயே முடித்துவிடுவதுதான் சரி. ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரி மந்திரை வெளியிலிருந்து பார்க்க மையத்தில் அனுமதிச் சீட்டு வாங்கி ஒரு கிலோமீட்டர் அளவுக்கு மர நிழலில் நடக்க வேண்டும். உள்ளே அமர்ந்து தியானம் செய்ய முன்பதிவு கட்டாயம். நேரே போய்க் கேட்டால் கிடைக்காது, சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதியும் இல்லை. இதைச் சொல்லாமல் கூட்டிப்போனால் வயதானவர்களுக்கு ஏமாற்றமாகிவிடும்.

பழைய பாண்டி நகரம் முட்டை வடிவத்தில் இருக்கிறது. வடக்கே எஸ்.வி. படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை. பெரிய பஸ் இந்த வளையத்துக்குள் நுழையக் கூடாது. பிரெஞ்சுத் தெருக்கள் அழகாக நேர்கோட்டில் இருந்தாலும் அகலம் குறைவு. ஓரத்தில் நிற்கும் ஒரு பைக் போதும், நாற்பது இருக்கை பஸ் திரும்ப முடியாது. வளையத்தின் ஓரத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பாரதி பூங்கா, மணக்குள விநாயகர் கோயில், அரவிந்தர் ஆசிரமம் எல்லாமே ஒன்றுக்கொன்று சில நிமிட நடைதான். பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர் இது. ஈஸ்வரன் தருமராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீட்டை வண்டியில் உட்கார்ந்தபடி பார்க்க முடியாது.

நேரமும் முக்கியம். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. "பீச் வாசல்லயே இறக்கி விடுங்கண்ணே" என்று டிரைவரை நெருக்கினால் அபராதம் கட்டுவது அவர்தான். ஆசிரமம் மத்தியானம் 12 முதல் 2 வரை மூடியிருக்கும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்பதால் யார் வெளியே குழந்தையோடு நிற்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கோயில்களும் உச்சி வேளையில் நடை சாத்திவிடுவார்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஆகஸ்ட் 15 அரவிந்தர் பிறந்த நாள், அன்று ஆசிரம வரிசை தெருவைச் சுற்றும். விடுமுறை நாளாயிற்றே என்று அந்தத் தேதியைப் பிடிக்கிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு படகுக் குழாம் தெற்கே கடலூர் சாலையில் எட்டு கிலோமீட்டர். பாரடைஸ் பீச்சுக்குப் படகில் போக ஆசைப்பட்டால் காலையில் முதல் வேலையாக அங்கே போங்கள். ஞாயிறு பிற்பகலில் போனால் வரிசையில் நின்றே சாயங்காலமாகிவிடும்.

கடல்

பாண்டி கடற்கரைச் சாலையின் பெரும்பகுதியில் மணல் கிடையாது, கருங்கல்தான். இதன் காரணம் வடசென்னைக்காரர்களுக்கு நன்றாகவே புரியும். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகச் சுவர்கள் அதைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரித்துக் கல் கொட்ட வேண்டி வந்தது. பாண்டியிலும் அதே கதை. நகரத்துக்குத் தெற்கே 1980களில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்தன, நகரத்தின் மணல் போய்விட்டது. பின்னாளில் சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் தலைமைச் செயலகத்தின் எதிரே கொஞ்சம் மணல் சேர்ந்தது.

அந்த மணலைப் பார்த்ததும் இறங்கிவிடுகிறார்கள். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள்தான் அதிக தைரியத்தோடு இறங்குகிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது. நம் கடல் பழக்கம் அந்தக் கரைக்குப் பொருந்தாது. கட்டுமானங்களின் அருகே தண்ணீர் சுழன்று கடலுக்குள் இழுக்கும். ஆழம் எங்கே கூடுகிறது என்பது மேலிருந்து தெரியாது, மணல் மேடு பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். பாசி பிடித்த கற்களில் செல்ஃபிக்காக இறங்கினால் வழுக்கி இடுக்கில் கால் மாட்டும். இழுவையில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுவை விட்ட பிறகு திரும்ப வேண்டும். குடித்தவர் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. இதில் யாருக்கும் விலக்கு கொடுக்காதீர்கள்.

ஈர உடையோடு பஸ் ஏறினால் சீட் நனைந்து சுத்தம் செய்யும் காசு கேட்பார்கள். ஆளுக்கொரு பெரிய பிளாஸ்டிக் கவரும் மாற்று உடையும் டிக்கியில் போடாமல் கையிலேயே இருக்கட்டும்.

சாப்பாடு, அறை

பிரெஞ்சுத் தெரு கஃபேக்கள் சிறியவை, நாற்பது பேருக்கு இடம் இருக்காது. பாண்டியின் காமராஜர் சாலைப் பக்கம் பெரிய ஹோட்டலில் முதல் நாளே சொல்லிவைத்தால் ஒரே பந்தியில் முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுக் குடும்பங்கள் பல ஊர் சுற்றக் கிளம்புகின்றன. தடை பாண்டிக்கும் உண்டு. அந்த நாட்களில் பெரிய மீனைப் புதிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

"பாண்டி அருகில்" என்ற விளம்பரத்தை நம்பி அறை போட்டால் அது ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். வரைபடத்தில் பாருங்கள். பஸ் நிறுத்த இடமும் டிரைவர் படுக்க ஓர் அறையும் உண்டா என்று கேளுங்கள். இரவெல்லாம் கொசுக்கடியில் சீட்டில் படுத்தவரை மறுநாள் ஈசிஆரில் வண்டி ஓட்டச் சொல்வது எல்லாருடைய உயிரோடும் விளையாடுவது. ஆசிரம விடுதிகள் மலிவு, சுத்தம். ஆனால் இரவு சீக்கிரம் வாசலைப் பூட்டிவிடுவார்கள், மதுவுக்கும் புகைக்கும் இடமில்லை.

திரும்பும்போது

ஞாயிறு மாலை ஐந்துக்குக் கிளம்பினால் கோவளத்திலிருந்து திருவான்மியூர் வரை ஊர்ந்துதான் வர வேண்டும், அங்கிருந்து வடசென்னைக்கு இன்னொரு பயணம். இரண்டரை மணிக்குள் கிளம்புங்கள். தாமதமாகிவிட்டால் திண்டிவனம் வழியாக வந்து, பெருங்களத்தூரில் பைபாஸ் பிடித்து, மதுரவாயல் தாண்டிப் புழலில் இறங்குவது மாதவரம், கொடுங்கையூர், வியாசர்பாடி, பெரம்பூர்க்காரர்களுக்கு நல்லது. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, அடையாறு நெரிசலிலும் மாட்ட வேண்டாம்.

கடைசியாக பாட்டில். பாண்டியில் விலை குறைவு என்று வாங்கித் தமிழ்நாட்டு எல்லைக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஒரே ஒருவர் பையில் வைத்திருந்தாலும் செக்போஸ்டில் நிற்பது முழு பஸ்ஸும்தான். வழக்கு ஆளோடு முடியாமல் வண்டியையும் பறிமுதல் செய்யலாம். அப்படி ஆனால் பிள்ளைகளையும் பாட்டிகளையும் ராத்திரியில் ரோட்டோரம் இறக்கி வேறு வண்டி தேட வேண்டியிருக்கும். டூரை நடத்துகிறவர் ஹோட்டல் வாசலிலேயே, பைகளை டிக்கியில் ஏற்றுவதற்கு முன், இதை எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட வேண்டும்.