பைக் பேட்டரியை நானே மாற்றினேன்

ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் 'டக் டக்' என்ற ஓசை மட்டுமே வந்தது. மல்டிமீட்டர் 11.8 வோல்ட் காட்டியது. முழுச் சார்ஜில் 12.6க்குக் குறையக் கூடாது. சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன், மறுநாளே இறங்கிவிட்டது. இனிப் புதியதுதான்.

வாங்கும்போது வோல்ட், ஆம்பியர்-மணி (மின்சாரத்தைச் சேமிக்கும் கொள்ளளவு), நீள அகலம் மட்டும் பார்த்தால் போதாது. நேர்முனை எந்தப் பக்கம் என்பதையும் அவசியம் பாருங்கள். இடம் மாறியிருந்தால் கேபிள் எட்டாது. இழுத்துப் பூட்டவே கூடாது.

கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது கடைசியில். அப்படிச் செய்தால், நேர்முனையைத் திருகும் ஸ்பேனர் வண்டிச் சட்டத்தில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. கேபிள் நுனிகளில் பச்சையாகப் பூத்திருந்த படிவைச் சமையல் சோடாக் கரைசலால் தேய்த்தேன். நன்றாக உலர்ந்தபின் மாட்டி, பெட்ரோலியம் ஜெல்லி தடவினேன்.

சார்ஜிங் கோளாறு இருந்தால் புதிய பேட்டரியும் கெட்டுவிடும் என்பதால், எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு அளந்தேன்: 14.1 வோல்ட். சரியான அளவு.