அடுத்தவர் மேஜிக் ஐட்டத்தைச் செய்ய ஆசையா? முதலில் அவரிடம் கேளுங்கள்

மேடையில் ஒருவர் செய்த ஐட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, மூன்றாவது நாள் ‘அட, இப்படித்தான் செய்திருக்கிறார்’ என்று பிடிபடும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, மேஜிக் செய்கிற எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் ரகசியம் தெரிந்துவிட்டது என்பதற்காக அந்த ஐட்டம் நம்முடையது ஆகிவிடாது. இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் எத்தனையோ புதுப் பையன்கள் மாட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஐட்டம் யாருடையது என்று பாருங்கள். கோப்பையும் பந்தும், சீன வளையங்கள், வெட்டிய கயிற்றை ஒட்டுவது, கூடைக்குள் பையனை உட்காரவைத்துக் கத்தியால் குத்துவது எல்லாம் தலைமுறை தலைமுறையாக வருபவை, யாரிடமும் கேட்க வேண்டாம். கடையில் விற்கிற ஐட்டம் என்றால் உருவாக்கியவரோ அவரிடம் உரிமை வாங்கியவரோ விற்பதைத்தான் வாங்க வேண்டும். பாதி விலைக்கு வருகிற நகலைத் தொடாதீர்கள். முறையாக வாங்கியதைப் பொதுவாக மேடையில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் டிவியில் செய்யவும், அதே பெட்டியை ஆசாரியிடம் கொடுத்து இன்னொன்று செய்யவும், மற்றவருக்குச் சொல்லித்தரவும் தனி அனுமதி தேவைப்படும் ஐட்டங்கள் நிறைய இருக்கின்றன, கூட வரும் தாளைப் படியுங்கள். பெண்ணை அலமாரிக்குள் நிற்கவைத்து நடுப்பாகத்தை மட்டும் பக்கவாட்டில் இழுத்துவிடுகிற ‘ஜிக் ஜாக்’ ஐட்டத்தை ராபர்ட் ஹார்பின் என்ற மேஜிக் கலைஞர் 1960-களில் உருவாக்கினார். 1970-இல் அதன் செய்முறையைப் புத்தகமாகப் போட்டார், புத்தகத்தை வாங்கியவருக்குத்தான் அந்தப் பெட்டியைச் செய்துகொள்ளும் உரிமை. அதற்குள்ளும் அதற்குப் பிறகும் உலகம் முழுக்க அவரைக் கேட்காமல் செய்த பெட்டிகள் ஏராளம்.

கடையில் விற்காத, ஒருவர் தனக்கென்று வைத்திருக்கிற ஐட்டம் என்றால் ஒரே வழி, கேட்பது. பலருக்குக் கேட்கக் கூச்சம். இவ்வளவு எழுதினால் போதும்: ‘வணக்கம் சார், போன மாதம் உங்கள் நிகழ்ச்சி பார்த்தேன். அந்தக் குடை ஐட்டத்தைப் பள்ளி நிகழ்ச்சிகளில் மட்டும் செய்ய ஆசை. ஐட்டத்தின்போது நீங்கள் பேசுகிற பேச்சை எடுக்கமாட்டேன். அனுமதி தருவீர்களா, கட்டணம் ஏதாவது உண்டா? வேண்டாம் என்றால் செய்யமாட்டேன்.’ எங்கே செய்யப்போகிறீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், அதே கடிதத்தில் ரகசியத்தைக் கேட்காதீர்கள். பதில் வரவில்லை என்றால் அனுமதி இல்லை என்றுதான் அர்த்தம்.

அப்புறம் பேச்சு, அதாவது ஐட்டம் செய்துகொண்டே நாம் சொல்கிற கதை. சண்டை அதிகம் வருவது இங்கேதான். நான் தொடங்கிய காலத்தில் ஸ்பாஞ்ச் பந்தைக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன், ஆனால் ஒரு சீனியர் சொல்கிற மாமியார் கதையை வரி மாறாமல் சொல்லி அதைச் செய்துகொண்டிருந்தேன். ஒரு கல்யாண வீட்டில் அவரே வந்திருந்தார். எல்லோரும் போனபிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, ‘பந்து கடையில கிடைக்கும் தம்பி, என் மாமியார் கதை கடையில கிடைக்காது’ என்றார். அன்றைக்கு எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. அதிலிருந்து புது ஐட்டம் பழகும்போது, கைவேலை வந்ததும், பார்த்துக் கற்ற வீடியோவைப் பத்து நாள் பார்க்கவே மாட்டேன், என் ஊர், என் வீடு, எனக்கு நடந்தது என்று கதையை நானே கட்டுவேன். நீங்களும் செய்து பாருங்கள், ஐட்டமே வேறு மாதிரி ஆகிவிடும்.

சரி, உங்கள் ஐட்டத்தை இன்னொருவர் செய்கிறார், என்ன செய்வது? ஸ்டேட்டஸில் போட்டுத் திட்டாதீர்கள். முதலில் போன் செய்யுங்கள். அவர் மூன்றாமவர் ஒருவரிடம் கற்றிருக்கலாம், உங்களைப் பார்க்காமலே அதே யோசனை அவருக்கும் வந்திருக்கலாம், இது நிஜமாகவே நடக்கும். யார் முதலில் செய்தார்கள் என்று காட்டத் தேதியோடு வீடியோவோ நோட்டுப்புத்தகமோ இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கோர்ட்டை ரொம்ப நம்பவேண்டாம். ஹோரஸ் கோல்டின் என்ற மேஜிக் கலைஞர் பெண்ணை ரம்பத்தால் அறுக்கும் ஐட்டத்துக்கு 1923-இல் அமெரிக்காவில் பேடன்ட் (காப்புரிமை) வாங்கினார். பேடன்ட் வாங்க ரகசியத்தை எழுதிக்கொடுக்க வேண்டும், எழுதிக்கொடுத்ததை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 1933-இல் ஒரு சிகரெட் கம்பெனி அந்த ரகசியத்தை விளம்பரத்திலேயே போட்டது. கோல்டின் வழக்குப் போட்டார், 1938-இல் தோற்றார். தப்பிக்கும் வித்தைக்குப் பேர்போன ஹூடினி வேறு வழி பார்த்தார்: தண்ணீர்த் தொட்டியில் தலைகீழாகத் தொங்கித் தப்பிக்கும் ஐட்டத்தை 1911-இல் இங்கிலாந்தில் ஒரே ஒரு பார்வையாளர் முன்னால் நாடகமாக நடத்தி, நாடகம் என்றே உரிமையைப் பதிந்தார். அமெரிக்க மேஜிக் கலைஞர் டெல்லர் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். திரையில் விழும் ரோஜாவின் நிழலைக் கத்தியால் வெட்ட, எதிரே குவளையில் இருக்கிற நிஜப் பூவின் இதழ்கள் உதிரும், பார்க்க அவ்வளவு அழகு. அதை 1983-இல் ஊமை நாடகமாகப் பதிந்திருந்தார். 2012-இல் ஐரோப்பாவைச் சேர்ந்த ஒருவர் அதேபோலச் செய்து யூடியூபில் போட்டு, ரகசியத்தை விற்கவும் முன்வந்தார். 2014-இல் நெவாடா நீதிமன்றம் டெல்லர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ‘நான் செய்யும் முறை வேறு’ என்று எதிராளி சொன்னது எடுபடவில்லை, பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே தெரிகிறது? ஆனால் கவனியுங்கள், அங்கே காப்பாற்றப்பட்டது அந்தக் காட்சி, தந்திரம் இல்லை.

எவ்வளவு கோபம் வந்தாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள், பழிவாங்க அவர் ஐட்டத்தின் ரகசியத்தை வெளியே விடுவது. அவரைச் சேர்த்து, அதே ஐட்டத்தை நேர்மையாக வாங்கி வயிறு வளர்க்கிற இன்னும் பத்துப் பேருக்கும் அடி விழும்.

ஒரே மேடையில் இரண்டு பேருக்கு ஒரே ஐட்டம் வந்துவிட்டால், நிகழ்ச்சிக்கு முன்பே இருவரும் பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள். அதை உருவாக்கியவர் அங்கே இருந்தால் அவருக்கு விட்டுக்கொடுங்கள், இல்லையென்றால் மூத்தவருக்கு. பையில் எப்போதும் மாற்று ஐட்டம் ஒன்று இருக்கட்டும், ஒரு கயிறும் கத்தரிக்கோலும் இருந்தால்கூடப் போதும்.